அத்தாவின் கணக்கு நோட்டுகளும் மூன்று ஊர்க் கணினிகளும்



எங்கள் அத்தா ஜெயங்கொண்டம் கடைவீதியில் நெடுங்காலம் இரும்புச் சாமான் கடை நடத்தியவர்கள். அவர்கள் வஃபாத்தானபோது கடையையும் வீட்டையும்விட எங்களுக்குக் கனமாகத் தோன்றியது பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒரு மரப்பெட்டிதான். அதற்குள் முப்பத்தொரு கணக்கு நோட்டுகள் இருந்தன. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் கடையின் வரவு செலவும் பாக்கிகளும் வரும். நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் வேறொரு கணக்கு தொடங்கும். வெளிநாடு போகுமுன் பணம் கொடுத்து வைத்தவர்கள், மகளின் நிக்காஹ்வுக்கென்று நகையை ஒப்படைத்தவர்கள், முந்திரி விற்ற காசை வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று கொண்டுவந்து தந்தவர்கள் என ஊராரின் அமானிதங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அத்தா வாங்கிய கைமாற்றுகளும் அதே பக்கங்களில்தான்.

இறந்தவரின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பாகம் என்பது நாம் அனைவரும் அறிந்த ஒழுங்கு. அமானிதமோ எங்கள் சொத்தே அல்ல. ஆகவே அந்த நோட்டுகளை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டியிருந்தது. எங்களில் மூத்தவர் ஜெயங்கொண்டத்தில் கடையைப் பார்க்கிறார். அக்கா திருச்சியில் இருக்கிறார். இளையவர் ஷார்ஜாவில். அத்தாவின் எழுத்தைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் அக்காதான். அத்தாவின் சுருக்கெழுத்துகளின் பொருள் அறிந்தவரோ, பள்ளி விடுமுறைகளில் அத்தா சொல்லச் சொல்லக் கணக்கு எழுதிய இளையவர். அவருக்குக் கிடைத்த விடுப்பு பன்னிரண்டே நாள். நோட்டுகள் ஓர் ஊரிலும், அவற்றைப் படிக்கத் தெரிந்த கண்கள் வேறு இரண்டு ஊர்களிலுமாக அமைந்துவிட்டன.

பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்றார்கள் உறவினர்கள். அந்தச் செயலி செய்திகளைப் பூட்டித்தான் அனுப்புகிறது. வழியில் பிறர் படிக்க இயலாது என்பது உண்மை. ஆனால் போய்ச் சேர்ந்தபின் அந்தப் படம் ஒவ்வொரு கைப்பேசியின் படத்தொகுப்பிலும் தங்கிவிடும். பிள்ளைகள் விளையாடும் கைப்பேசி, பழுதுபார்க்கக் கடையில் கொடுக்கும் கைப்பேசி எல்லாவற்றிலும் இருக்கும். இணையச் சேமிப்பில் ஏற்றி இணைப்பை அனுப்புவதும் எளிது. அந்த இணைப்பை வேறொருவருக்கு அனுப்புவது அதைவிட எளிது. கல்யாணப் படங்களுக்கு நாங்களும் அந்தச் சேவைகளைப் பயன்படுத்துகிறோம். அவற்றின்மீது எங்களுக்குக் குறையில்லை. இந்த நோட்டுகளில் இருந்தவையோ பிறருடைய வறுமையும் அவசரமும். யார் எந்த மாதம் கம்மலைக் கொண்டுவந்தார், யார் மூன்று முறை தவணை கேட்டார் என்பதை அத்தா அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவர்கள் மறைத்ததை நாங்கள் ஊரூராக அனுப்புவதற்கில்லை. ஆகவே படங்கள் ஜெயங்கொண்டம் வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும், மற்ற இருவரும் தத்தம் ஊரிலிருந்து அந்த ஒரே கோப்புறையைத் திறந்து படிக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

அம்மா இத்தாவில் இருந்த நாட்களில் மூத்தவர் கடை அடைத்த பிறகு இரவில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்தார். ஏறத்தாழ நாலாயிரம் படங்கள் சேர்ந்தன. அதன்பின்தான் சுவர்களைப் பற்றி அறிந்துகொண்டோம்.

ஒரு கணினியிலிருக்கும் கோப்புறையை மற்றொரு கணினியில் தன்னுடைய கோப்புறைபோலவே திறந்து காட்டும் முறைகள் நெடுங்காலமாக உள்ளன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் அவற்றுள் ஒன்று. அலுவலகங்களில் விண்டோஸ் கணினிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்றுக்குப் பகிர்வதும் இவ்வகையே. இவை ஒரே கூரையின்கீழ், ஒருவரையொருவர் நம்புவோருக்காக அமைக்கப்பட்டவை. விண்டோஸ் பகிர்வின் வாசலான 445ஆம் எண்ணை இணையத்தை நோக்கித் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 மே 12ஆம் தேதி உலகம் கண்டது. வானாக்ரை என்ற தீநிரல் அந்தப் பகிர்வு முறையில் இருந்த ஓர் ஓட்டை வழியாகவே நாடு நாடாகப் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பல நிலைகுலைந்தன. எனவே நேரடியாகத் திறந்து வைப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை.

திறந்து வைக்க விரும்பினாலும் எங்களால் இயலாது என்பதைப் பிறகு அறிந்தோம். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே 429 கோடி எண்கள்தாம். மக்கள்தொகையை நினைத்தால் அவை போதாது. ஆகையால் வீட்டிற்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி தரப்படுகிறது. வெளியே செல்லும்போது வீடு முழுமைக்கும் ஒரே முகவரி. இணைய நிறுவனங்கள் பல இதையும் கடந்து, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளிமுகவரியின் பின்னால் வைத்துவிடுகின்றன. இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரி என்ற இடத்தில் இந்த எண்கள் தெரிந்தால், வெளியிலிருந்து எவரும் உங்கள் வீட்டை நேரே அடைய முடியாது. ரவுட்டரில் எந்த வாசலைத் திறந்தாலும் அது காம்பவுண்டுக்குள்ளேயே திறக்கும்; தெருவுக்குத் திறக்காது. எங்கள் வீட்டில் தெரிந்தது 100.90 என்று தொடங்கும் எண்.

ஷார்ஜாவில் இளையவரின் நிலைமையும் அவ்வாறே. அவருடைய தங்குமிடத்தின் வைஃபை நிறுவனத்துக்குச் சொந்தமானது. இணையதளங்களைத் திறக்க மட்டும் வழிவிட்டு மற்ற வாசல்களை அடைத்து வைத்திருந்தது. சுற்றுவழி இல்லாமலில்லை. 443ஆம் வாசல் வழியாக வேறு வகை இணைப்பை நுழைத்துவிடலாம் என்று அறிந்தவர்கள் பலர் சொன்னார்கள். இளையவர் அதற்கு உடன்படவில்லை. சுவரை எழுப்பியவர் அந்த இடத்திற்கு உரிமையாளர். அவரைக் கேட்காமல் துளையிடுவது சரியல்ல என்றார். பொறுப்பாளரிடம் கேட்டபோது அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். அதற்குமேல் அங்கு பேச்சில்லை. இளையவர் தம் சொந்த மடிக்கணினியையும் சொந்தக் காசில் வாங்கிய கைப்பேசி இணையத்தையுமே இதற்குப் பயன்படுத்தினார்.

வளைகுடாவில் இருப்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். ஐக்கிய அரபு அமீரகத்தின் சைபர் குற்றச் சட்டம், குற்றம் செய்யவோ செய்த குற்றத்தை மறைக்கவோ பொய்யான இணைய முகவரியைப் பயன்படுத்துவோருக்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. சொந்த வீட்டுக் கோப்பைச் சொந்தப் பெயரில் திறப்பது அந்த வகையில் சேராது என்பது எங்கள் புரிதல். தடைசெய்யப்பட்ட அழைப்புச் செயலிகளைத் திறப்பதற்காக விபிஎன் போட்டுக்கொள்ளும் பழக்கத்தோடு இதைக் கலந்துவிட வேண்டாம்.

இரு பக்கமும் உள்ளே வர வழியில்லை. ஆனால் இரு பக்கத்திலிருந்தும் வெளியே செல்ல வழியுண்டு. தீர்வு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. இருவரும் வெளியே வந்து சந்திப்பதற்கு நடுவில் ஓரிடம் வேண்டும். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில், உண்மையான வெளிமுகவரியுடன் சிறியதொரு சர்வரை எடுத்தோம். ஜெயங்கொண்டம் கணினி தானே அந்த நடுவிடத்தை அழைத்து இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். திருச்சியிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ வருபவர் நடுவிடத்திற்கு வந்து, ஏற்கெனவே திறந்திருக்கும் அந்தப் பாதை வழியாகத் திரும்பி ஜெயங்கொண்டத்திற்குள் நுழைவார். தலைகீழ்ச் சுரங்கம் என்று இதைக் குறிப்பிடலாம். வீட்டுக்காரர் உள்ளிருந்து வெட்டிய சுரங்கமாதலால் திருடன் வெட்டிய சுரங்கத்தோடு இதை ஒப்பிட வேண்டியதில்லை.

இந்தச் சுரங்கத்தை அமைப்பது எஸ்எஸ்எச் எனப்படும் முறை. பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாத்து யுலோனன் 1995இல் இதை எழுதினார். பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதே அவரைத் தூண்டியது. அதுவரை ஆயிரக்கணக்கானோர் தம் கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதுவதுபோலத் திறந்தே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் இலவசமாகப் பெறும் ஓபன்எஸ்எஸ்எச் 1999இல் வெளியானது. இதன்மீது அமர்ந்து கோப்புறையைத் திறந்து காட்டுவது எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற சிறிய நிரல். ஹங்கேரியரான மிக்லோஷ் செரெடி எழுதியது. லினக்ஸில் இது எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் வின்எஃப்எஸ்பி என்ற துணைநிரலோடு சேர்த்து நிறுவினால், கோப்புறை ஒரு தனி டிரைவ் எழுத்தாக வந்து நிற்கும். அக்காவின் கணினியில் அது 'எக்ஸ்' என்று தெரிகிறது. அக்காவைப் பொறுத்தவரை அது அத்தாவின் பெட்டி.

நடுவிடம் வாடகைக்கு எடுத்தது. அதன் உரிமையாளர் யாரோ. அவர் பார்த்துவிட மாட்டாரா என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஷார்ஜாவில் பூட்டப்படும் பூட்டு ஜெயங்கொண்டத்தில்தான் திறக்கிறது. நடுவில் இருப்பவர் பூட்டிய பெட்டியைக் கைமாற்றி விடுகிறார், அவ்வளவே. எந்த நேரத்தில் எவ்வளவு போனது என்பது அவருக்குத் தெரியக்கூடும். என்ன போனது என்பது தெரியாது. இந்தப் பலன் கிடைக்க ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவிடத்தில் இறங்கி அங்கிருந்து புதிதாக இணைத்தால் அங்கே பெட்டி திறக்கப்படும். நடுவிடத்தைத் தாவுபலகையாக மட்டும் வைத்துச் செல்லும் வசதி ஓபன்எஸ்எஸ்எச்சில் 2016 முதல் எளிதாகிவிட்டது. அதையே பயன்படுத்தினோம். சுரங்கத்தின் நடுவிட வாயிலும் அந்தச் சர்வருக்குள்ளேயே திறக்குமாறு விட்டோம். இணையம் முழுவதையும் நோக்கித் திறக்கவில்லை.

சர்வர் எழுந்த முதல் இரவிலேயே அதன் பதிவேட்டைப் பார்த்து அக்கா திகைத்துப்போனார். எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயர் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தன. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி நமக்குக் கற்றுத்தந்த வாசல் ஒழுங்கு. இணையத்தில் அந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது. கடவுச்சொல்லால் நுழையும் வழியையே அடைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்சாவி செய்தோம். திரும்பத் திரும்பத் தட்டும் முகவரிகளைத் தடுத்துவைக்க ஃபெயில்2பேன் என்ற காவல்நிரலையும் அமர்த்தினோம். சாவி ஒவ்வொன்றும் அவரவர் மனத்திலுள்ள ஒரு நீண்ட சொற்றொடரால் பூட்டப்பட்டது. கணினி தொலைந்தாலும் சாவி உடனே பயன்படாது. தொலைந்த சாவியை மட்டும் வீட்டிலிருந்து நீக்கிவிடலாம், மற்றவர்கள் சாவியை மாற்ற வேண்டியதில்லை.

முதல் முறை இணைக்கும்போது, "இந்தக் கணினியின் கைரேகை இது, நம்புகிறீர்களா?" என்ற கேள்வி வரும். பெரும்பாலோர் படிக்காமலே ஆம் என்று தட்டிவிடுவார்கள். நடுவில் ஒருவன் ஜெயங்கொண்டம் கணினிபோல வேடமிட்டு அமர்ந்தால் அவனைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே தருணம் அதுதான். மூத்தவர் கடையில் இருந்தபடியே தொலைபேசியில் நாற்பத்து மூன்று எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். "பெரிய கே, சின்ன எக்ஸ், ஏழு..." இடையில் ஆணி வாங்க வந்தவர்கள் இருமுறை குறுக்கிட்டதால் மூன்று அழைப்புகள் தேவைப்பட்டன. அண்ணனின் குரலை எங்களுக்குத் தெரியும். அதில்தான் மற்ற பூட்டுகள் அனைத்தும் தொங்குகின்றன.

அக்காவும் இளையவரும் படிக்க மட்டுமே முடியும், மாற்றவோ அழிக்கவோ முடியாது என்று வீட்டுக் கணினியிலேயே கட்டுப்படுத்தினோம். அவர்களுடைய சாவி அந்த ஒரு கோப்புறையைத் தாண்டி வீட்டுக் கணினியின் வேறெதையும் காட்டாது. உடன்பிறந்தவர்களுக்குள் இவ்வளவு கட்டுப்பாடு எதற்கென்று ஒரு மச்சான் கேட்டார். நோட்டில் ஓர் எண் மாறியிருக்கிறது என்று நாளை எவரேனும் சொன்னால், மாற்றியிருக்க வழியே இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். பாகப்பிரிவினை வேளையில் அது சிறிய நிம்மதி அல்ல.

நடைமுறைத் தொல்லைகளும் இருந்தன. மின்சாரம் போனால் வீட்டுக் கணினி அணைந்துவிடும். கடையிலிருப்பவர் ஓடிவந்து போட முடியாது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படியும், எழுந்ததும் நடுவிடத்தைத் தானே அழைக்கும்படியும் அமைத்தோம். சத்தமில்லாமல் அறுந்துபோகும் இணைப்புகள் இன்னொரு தொல்லை. அரை நிமிடத்திற்கு ஒருமுறை "இருக்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் மீண்டும் இணைக்கச் செய்தபிறகு அது குறைந்தது. இணைப்பு அறுந்த கணத்தில் கோப்புறையைத் திறந்து வைத்திருந்தால் திரையே உறைந்து நிற்கும், பொறுமைதான் மருந்து.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோப்பைத் திறக்கும்போது கேள்வியும் பதிலுமாகப் பலமுறை போய்வர வேண்டும். ஒருமுறை போய்வர நூறு மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், நாலாயிரம் படங்களுக்கும் முன்தோற்றம் காட்ட முனையும் கணினி ஆறேழு நிமிடங்களுக்குக் குறையாமல் தவிக்கும். ஆகவே நோட்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, முன்தோற்றத்தை அணைத்துவிட்டோம். அதன்பின் ஒரு பக்கம் திறக்க இரண்டு மூன்று வினாடிகளே ஆயின.

இப்படித் திறந்து படிப்பது வேறு, பிரதி எடுத்து வைப்பது வேறு. வீட்டுக் கணினியின் வட்டு பழுதானால் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் பெட்டி காலியாகிவிடும். அதனால் பூட்டிய பிரதி ஒன்றை வெளிவட்டில் எடுத்து அக்கா வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம்.

இதைவிட எளிய வழிகள் இன்று வந்துவிட்டன. 2020இல் லினக்ஸின் கருவோடு சேர்ந்துவிட்ட வயர்கார்டும், அதன்மேல் அமைந்த டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் இரு சுவர்களுக்கு இடையே தாமே பாதை கண்டுபிடித்துத் தருகின்றன. கணினியில் பழக்கமில்லாத குடும்பங்களுக்கு அவற்றையே பரிந்துரைப்போம். எதைக் கைக்கொண்டாலும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதை விடக்கூடாது. வந்த புதுப்பிப்பையும் கண்மூடி நம்புவதற்கில்லை. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில், எஸ்எஸ்எச் வழியாக நுழைவதற்கு ஒரு கள்ளக்கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச் 29ஆம் தேதி வெளிப்பட்டது. உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் அது அகப்பட்டது. அக்கதவை வைத்தவர் ஆண்டுக்கணக்கில் நல்ல பங்களிப்புகளைச் செய்து, பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே அதைச் செய்திருந்தார்.

இஷா தொழுகைக்குப் பின் மூவரும் ஒரே பக்கத்தைத் திறந்துகொண்டு தொலைபேசியில் பேசிக்கொள்வோம். ஷார்ஜாவில் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் இளையவர் பல நாள் வேலையிலிருந்து நேரே வந்து அமர்வார். அக்கா படிப்பார்; இளையவர் பொருள் சொல்வார்; மூத்தவர் ஆளைக் கண்டுபிடிப்பார். பீரோவில் துணிமுடிச்சாக இருந்த ஒரு ஜோடி வளையலில் "மு.கொ." என்று மட்டும் சீட்டு இருந்தது. பதினாறாவது நோட்டின் பின்பக்கத்தில் அதே எழுத்துகள். முந்திரிக்கொல்லை என்று அத்தா எழுதும் சுருக்கம் அது என்றார் இளையவர். ஆண்டிமடம் பக்கத்தில் கொல்லை வைத்திருந்த ஓர் அம்மையாரை மூத்தவருக்கு நினைவு வந்தது. அவர் காலமாகியிருந்தார். மகளைத் தேடிச் சென்று, நோட்டிலிருந்த எடையைத் தராசில் காட்டி ஒப்படைத்தோம். தாய் இப்படியொன்று கொடுத்து வைத்திருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அத்தாவின் பெயரைச் சொல்லி வெகுநேரம் அழுதார்.

கைமாற்றுகளில் கொடுத்தவர்களைக் கண்டறிந்து எல்லாவற்றையும் தீர்த்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அமானிதப் பட்டியலில் மூன்று பெயர்கள் இன்னும் மீதமுள்ளன. அவற்றில் ஒன்று வெறும் புனைபெயர். இன்னொன்றின் மேல் தண்ணீர் பட்டிருக்கிறது. அம்மையின் இத்தா முடிந்து பாகப்பிரிவினையும் எழுதியாகிவிட்டது. அந்த மூன்றுக்குரிய தொகையையும் நகையையும் மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். சர்வருக்கு அடுத்த ஆண்டு வாடகையும் கட்டியாயிற்று. வியாழன் இரவுகளில் இன்னும் மூவரும் இருபத்திரண்டாவது நோட்டைத் திறந்து அந்த நனைந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலெழுத்து 'சே' என்கிறார் அக்கா. 'கே' என்கிறார் இளையவர்.